முதல் அறுவடையில் முதலிடம்: நம்பலாமா?
புதிய நெல் ரகங்களின் தேர்வுக்குப் பின்னால் இருக்கும் புள்ளியியல்

2023ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் நாட்டுப் பேரங்காடிகளில் உள்ளூர் வெள்ளை அரிசி இருக்க வேண்டிய அடுக்குகள் காலியாகக் கிடந்தது பலருக்கும் நினைவிருக்கும். அவ்வாண்டு ஜூலை 20ஆம் தேதி, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. உலகச் சந்தையில் விலை ஏறியது. செப்டம்பர் 1 முதல் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. உள்ளூர் வெள்ளை அரிசியோ கிலோ 2 ரிங்கிட் 60 சென் என்ற கட்டுப்பாட்டு விலையிலேயே இருந்தது. இரண்டுக்கும் இடையே இடைவெளி விரிந்ததும் எல்லாரும் 26 ரிங்கிட் மூட்டையைத் தேடினார்கள். மூட்டை கிடைக்கவில்லை.

இந்தியா 2024 செப்டம்பரில் அந்தத் தடையை நீக்கிவிட்டது. ஆனாலும் அடிப்படைச் சிக்கல் அப்படியே இருக்கிறது. நாம் உண்ணும் அரிசியில் பத்தில் ஏறக்குறைய நான்கு பங்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. தேசிய வேளாண் உணவுக் கொள்கை 2030ஆம் ஆண்டுக்குள் 80 விழுக்காட்டுத் தன்னிறைவை இலக்காக வைத்திருக்கிறது. புதிதாக வயல் வெட்ட நிலம் இல்லை. எனவே இருக்கும் வயலிலேயே கூடுதலாக விளைவிக்க வேண்டும். ஹெக்டருக்குச் சராசரியாக 4 டன் அளவில் நிற்கும் விளைச்சலை உயர்த்த வேண்டும். இரண்டு ஆண்டுகளில் ஐந்து முறை நெல் பயிரிடும் திட்டம் பேசப்படுகிறது. அதற்குக் குறுகிய காலத்தில் முற்றும் ரகங்கள் தேவை.

இதனால்தான் 'புதிய நெல் ரகம், ஹெக்டருக்கு இத்தனை டன்' என்ற செய்திகள் அடிக்கடி நம் கண்ணில் படுகின்றன. படித்ததும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த எண் எங்கிருந்து வருகிறது? அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பயில்பவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கேள்வி முக்கியமாகப் படுகிறது. விடை நெல்லோடு மட்டும் நின்றுவிடுவதும் இல்லை.

பத்தாயிரத்தில் ஒரு செடி

புதிய ரகம் எப்படிப் பிறக்கிறது என்பதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஐஆர்8. பிலிப்பீன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1962ஆம் ஆண்டு பீட்டர் ஜென்னிங்ஸ் 38 கலப்புகளைச் செய்தார். அவற்றில் எட்டாவது கலப்பு, இந்தோனேசியாவின் உயரமான பேட்டா ரகத்தையும் தைவானின் குட்டையான டீ-ஜியோ-வூ-ஜென் ரகத்தையும் இணைத்தது. அந்தக் கலப்பில் கிடைத்தவை 130 விதைகள். அடுத்த தலைமுறையில் ஏறக்குறைய 10,000 செடிகள் வளர்ந்தன. அவற்றில் நான்கில் ஒரு பங்கு குட்டை. உயிரியல் பாடத்தில் நாம் படித்த மெண்டலின் மூன்றுக்கு ஒன்று விகிதம்தான் அது. அடுத்தடுத்த தலைமுறைகளில் குலைநோய் தாக்கியவையும் மற்ற குறையுள்ளவையும் கழிக்கப்பட்டன. கடைசியில் 288ஆம் வரிசையின் மூன்றாவது செடியை ஹென்றி பீச்செல் தேர்ந்தெடுத்தார். ஐஆர்8-288-3 என்ற அதன் முழுப் பெயரிலேயே இந்தக் கதை அடங்கியிருக்கிறது. 1966 நவம்பரில் வெளியான அந்த ரகம் ஆசியாவின் பசுமைப் புரட்சிக்கு வித்திட்டது.

குட்டையா நெட்டையா என்பது கண்ணுக்குத் தெரியும். நோய் தாக்கியிருக்கிறதா என்பதும் தெரியும். விளைச்சல் அப்படியல்ல. ஒரு மரபணுவால் முடிவாகும் பண்பும் அல்ல அது. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து தீர்மானிப்பது. மண், நீர், வெயில், எலி, பூச்சி எல்லாம் அதில் தலையிடும். இன்று நடக்கும் போட்டி, நெட்டையான பழைய ரகத்துக்கும் குட்டையான புதிய ரகத்துக்கும் இடையிலானதும் அல்ல. நல்லவற்றுக்குள் இன்னும் கொஞ்சம் நல்லது எது என்பதுதான் கேள்வி. அங்கேதான் கண் போதாமல் போகிறது, கணக்கு தேவைப்படுகிறது.

ஒரு கைப்பிடி விதை

ஒரு கலப்பிலிருந்து பிரிந்து, சில தலைமுறைகள் தனித்தனியே வளர்க்கப்பட்டு, பண்பு நிலைபெற்ற நெல் குடும்பத்தைக் கால்வழி என்று வைத்துக்கொள்வோம். ரகம் என்ற பெயர் கிடைப்பதற்கு முந்தைய நிலை இது. ஒரு திட்டத்தில் முதல் விளைச்சல் சோதனைக்கு நூற்றுக்கணக்கான கால்வழிகள் வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் இருப்பது கொஞ்சம் விதைதான். நிலமும் கூலியும் அளவோடுதான் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு கால்வழியும் ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், பெரும்பாலும் ஒரே ஒரு சிறு பாத்தியில் நடப்படும். அறுவடை முடிந்ததும் பெரும்பகுதியைக் கழித்துவிட்டுச் சிலவற்றை மட்டும் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், வயல் சமமாக இருப்பதில்லை. வாய்க்காலை ஒட்டிய பாத்தி ஒரு மாதிரி விளையும். மேட்டில் உள்ள பாத்தி வேறு மாதிரி விளையும். ஆக, தராசில் ஏறும் எடை இரண்டு பொருள்களின் கூட்டு. ஒன்று, அந்தக் கால்வழியின் உண்மையான திறன். மற்றொன்று, அதற்கு வாய்த்த பாத்தியின் அதிர்ஷ்டம். நமக்குத் தெரிவது கூட்டுத்தொகை மட்டுமே.

இது நூறாண்டுக்கும் மேற்பட்ட கேள்வி. டப்ளின் நகரின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை செய்த வில்லியம் கோசெட், பார்லி சோதனைகளில் இதே சிக்கலைச் சந்தித்தார். குறைந்த தரவை வைத்து எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்று ஆராய்ந்து 1908இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆலை ஊழியர் என்பதால் தம் பெயரைப் போட முடியாமல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரைப் பயன்படுத்தினார். புள்ளியியல் பாடத்தில் வரும் 'ஸ்டூடண்ட் டி சோதனை' அதிலிருந்து வந்தது. பின்னர், 1919இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர், எந்தப் பாத்தியில் எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வது, ஒவ்வொன்றையும் பல பாத்திகளில் திரும்ப நடுவது ஆகியவற்றைச் சோதனையின் அடிப்படை விதிகளாக்கினார்.

ஆனால் திரும்ப நட விதை வேண்டும், இடம் வேண்டும். தொடக்கச் சோதனையில் இரண்டும் பற்றாக்குறை. அதனால்தான் அங்கே அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிதாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது நாமே வைத்துக்கொள்ளும் ஒரு மாதிரிக் கணக்கு. 300 கால்வழிகள் இருக்கின்றன. அவற்றின் உண்மையான திறனின் சராசரி ஹெக்டருக்கு 5 டன். திட்ட விலக்கம் 0.4 டன். (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு இது, தேசியப் பள்ளி மாணவர்கள் இதைச் 'சிசிஹான் பியாவாய்' என்று படித்திருப்பார்கள்.) பாத்தியின் அதிர்ஷ்டத்தால் வரும் சிதறலின் திட்ட விலக்கம் 0.8 டன்.

திட்ட விலக்கங்களை அப்படியே கூட்டக்கூடாது. அவற்றின் வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும். திறனுக்கு 0.16, அதிர்ஷ்டத்துக்கு 0.64, மொத்தம் 0.80. இதில் திறனின் பங்கு 0.16 வகுத்தல் 0.80, அதாவது ஐந்தில் ஒன்று. கால்வழிகளுக்கு இடையே நாம் காணும் வேறுபாட்டில் 20 விழுக்காடுதான் மரபால் வருவது. மீதி 80 விழுக்காடு வயலின் விளையாட்டு. இந்த விகிதத்தை மரபுப் பங்கு என்று அழைக்கலாம்.

300 பாத்திகளில் முதலிடம் பெறும் கால்வழி ஏறக்குறைய 7.5 டன் காட்டும். செய்தியாளர் அருகில் இருந்தால், சராசரியைவிட 2.5 டன் கூடுதல் என்று தலைப்புப் போட்டுவிடலாம். ஆனால் அந்த 2.5 டன்னில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் திறனாக எதிர்பார்க்கலாம். அதாவது 0.5 டன். அடுத்த பருவம் அதே விதையை வேறு பாத்திகளில் நட்டால், நாம் எதிர்பார்க்க வேண்டிய விளைச்சல் 5.5 டன். விதை கெட்டுப்போகவில்லை, யாரும் பொய் சொல்லவும் இல்லை. முதலிடத்துக்கு வர திறன் மட்டும் போதாது, அதிர்ஷ்டமும் வேண்டும். அந்த அதிர்ஷ்டம் அடுத்த முறை கூடவே வராது. புள்ளியியலில் இதைச் சராசரியை நோக்கிய பின்னடைவு என்பார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 300 கால்வழிகளில் உண்மையிலேயே தலைசிறந்ததன் திறன் ஏறக்குறைய 6.1 டன் இருக்கும். முதலாண்டு அறுவடைக்குப் பிறகு முதல் 15 இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கழித்தால், அந்த உண்மையான முதல்வன் 15க்குள் இருப்பதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். மூன்றில் இரண்டு முறை அதை நாமே கழித்துவிடுவோம். கழித்தது நமக்குத் தெரியவும் வராது. முதல் 60 இடங்களை வைத்துக்கொண்டால் வாய்ப்பு பத்தில் ஏழாக உயர்கிறது.

இரண்டும் தவறுகள்தான். ஆனால் அவற்றின் விலை ஒன்றல்ல. தகுதியற்றதை வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டுச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். இழப்பு சில பாத்திகளின் செலவு. தகுதியுள்ளதைக் கழித்துவிட்டால் திருத்த வாய்ப்பே இல்லை. எனவே முதலாண்டில் கடுமையாகக் கழிப்பது கறாரான தேர்வு போலத் தோன்றினாலும், உண்மையில் அது அவசரம்.

அப்படியானால் கால்வழிகளைக் குறைத்து, ஒவ்வொன்றையும் அதிகப் பாத்திகளில் நட்டால் என்ன? மொத்தம் 300 பாத்திகள்தான் உண்டு. முடிவில் 15 கால்வழிகள் வேண்டும். 300 கால்வழிகளை ஒவ்வொரு பாத்தியில் நட்டால், தேர்ந்த 15இன் உண்மையான திறன் சராசரியைவிட ஏறக்குறைய 0.37 டன் கூடுதலாக இருக்கும். 150 கால்வழிகளை இரண்டிரண்டு பாத்திகளில் நட்டால் 0.41 டன். 75 கால்வழிகளை நான்கு நான்கு பாத்திகளில் நட்டால் 0.40 டன். நிறைய ஆட்களை அரைகுறையாகப் பார்ப்பதும் சரியில்லை. சிலரை மட்டும் ஆழமாகப் பார்ப்பதும் சிறந்த வழியாகவில்லை. மரபுப் பங்கு மாறினால் இந்த விடையும் மாறும். இப்படிக் கணக்கிட்டுத்தான் ஒரு சோதனையைத் திட்டமிட வேண்டும்.

அதிர்ஷ்டத்தைப் பிரித்தெடுக்கும் வழிகள்

ஆய்வாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. பாத்தியின் அதிர்ஷ்டத்தைத் திறனிலிருந்து பிரித்தெடுக்கப் பல வழிகளைக் கண்டறிந்தார்கள். முக்கியமான நான்கைப் பார்ப்போம்.

முதலாவது, ஒப்பீட்டு ரகம். திறன் ஏற்கெனவே நன்கு தெரிந்த ஒரு பழைய ரகத்தை வயலின் பல இடங்களில் திரும்பத் திரும்ப நடுவார்கள். புதிய கால்வழிகள் ஒரு முறை மட்டும் நடப்படும். பழைய ரகம் ஒரு பகுதியில் நன்றாகவும் மற்றொரு பகுதியில் மோசமாகவும் விளைந்தால், அந்த வேறுபாடு மண்ணுடையது என்று தெரிந்துவிடும். அதைக் கொண்டு புதியவற்றின் எண்களைத் திருத்தலாம். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் ஃபெடரர் 1956இல் இந்த அமைப்பை முறைப்படுத்தினார். பிற்காலத்தில் இதன் வேறு வடிவமும் வந்தது: பழைய ரகத்துக்குத் தரும் பாத்திகளைப் புதிய கால்வழிகளுக்கே தந்து, அவற்றில் ஒரு பகுதியை மட்டும் இருமுறை நடுவது.

இரண்டாவது, அண்டை வீட்டைப் பார்ப்பது. ஒரு கால்வழி 5.2 டன் தந்தது. அதைச் சுற்றியுள்ள பாத்திகளின் சராசரி 4.4 டன். இன்னொன்று 5.8 டன் தந்தது. ஆனால் அதன் அண்டைப் பாத்திகளின் சராசரி 5.9 டன். பட்டியலில் இரண்டாவதுதான் மேலே இருக்கும். வயலில் நின்று பார்த்தால் முதலாவதுதான் மிடுக்கானது. கிரேக்க வேளாண் அறிஞர் பாபடாகிஸ் 1937இலேயே முன்வைத்த எண்ணம் இது. கணினி வந்த பிறகு, வயல் முழுவதையும் ஒரு வரைபடமாக்கி மண்ணின் ஏற்ற இறக்கத்தைக் கணிக்கும் அளவுக்கு இது வளர்ந்துவிட்டது.

மூன்றாவது, எண்ணைச் சராசரியை நோக்கிச் சுருக்குவது. மேலே 7.5 டன்னை 5.5 டன்னாகக் குறைத்தோமே, அதே வேலைதான். கறவை மாடுகளின் தரத்தைக் கணிக்கக் கோர்னெலின் சார்ல்ஸ் ஹெண்டர்சன் உருவாக்கிய முறை இன்று பயிர்த் தேர்விலும் பயன்படுகிறது. இதன் சிறப்பு, எவ்வளவு சான்று இருக்கிறதோ அவ்வளவு மட்டுமே நம்புவது. நம் கணக்கில் ஒரு கால்வழி ஒரே பாத்தியில் 7 டன் தந்தது. இன்னொன்று நான்கு பாத்திகளில் சராசரி 6.4 டன் தந்தது. நான்கு பாத்திகள் இருந்தால் மரபுப் பங்கு பாதியாக உயரும். எனவே முதலாவதன் மதிப்பீடு 5.4 டன், இரண்டாவதன் மதிப்பீடு 5.7 டன். பட்டியல் தலைகீழாகிறது. ஒரு முறை உச்சம் தொட்டதைவிட நான்கு முறை நன்றாகச் செய்தது மேல்.

நான்காவது, உறவினர்களிடம் விசாரிப்பது. ஒரே கலப்பில் பிறந்த கால்வழிகள் பொதுவான மரபணுக்களைக் கொண்டவை. உடன்பிறந்தவை எல்லாம் நன்றாக விளைந்தால், ஒரு கால்வழியின் உயர்ந்த எண்ணை நம்ப அது கூடுதல் காரணம். 2001இல் மியூவிசென், ஹேய்ஸ், கோடார்டு ஆகிய மூவர் இதை ஒரு படி முன்னே கொண்டுசென்றனர். மரபணுத்தொகுதி முழுவதும் பரவியுள்ள ஆயிரக்கணக்கான மரபுக் குறியீடுகளைக் கொண்டு திறனைக் கணிக்கலாம் என்று காட்டினார்கள். வயலில் நடாத கால்வழியைக்கூட, நட்ட உறவினர்களின் தரவைக் கொண்டு ஓரளவு மதிப்பிடலாம். ஆண்டுகளை மிச்சப்படுத்தும் வழி இது. எனினும் அடிப்படை வயல் தரவு மோசமாக இருந்தால் கணிப்பும் மோசமாகவே இருக்கும்.

இவற்றோடு இடமும் பருவமும் சேர வேண்டும். கெடா, பெர்லிசில் பரந்திருக்கும் மூடா வட்டாரம் ஏறக்குறைய 100,000 ஹெக்டர். அங்கே முதலிடம் பெறும் கால்வழி சிலாங்கூரின் தஞ்சோங் காராங்கிலோ கிளந்தானின் கெமுபுவிலோ முதலிடம் பெறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரே வயலில் பத்துப் பாத்திகள் நடுவதைவிட, ஐந்து ஊர்களில் இரண்டிரண்டு பாத்திகள் நடுவது பெரும்பாலும் கூடுதல் உண்மையைச் சொல்லும்.

நாம் வளர்த்த மசூரி, நம் தட்டில் பொன்னி

கழித்துவிட்டதில் மாணிக்கம் இருந்த கதை ஒன்று உண்டு. அது தொடங்கியதும் இந்த நாட்டில்தான். 1950களில் இந்தியாவின் கட்டாக் நகரில் நடந்த ஐநா உணவு, விவசாய நிறுவனத்தின் கலப்புத் திட்டத்தில், தைவானின் தைச்சுங் 65 ரகமும் மலாயாவின் மாயாங் எபோஸ் 80 ரகமும் இணைக்கப்பட்டன. அந்தக் கலப்பின் வழித்தோன்றல்கள் இங்கே வளர்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1965இல் லங்காவியின் பழங்கதை நாயகி மசூரியின் பெயரோடு அந்த ரகம் வெளியானது.

1960களின் பிற்பகுதியில் மசூரி இந்தியாவுக்குச் சென்றது. அங்கே சோதனை வயல்களில் அது நிராகரிக்கப்பட்டது. உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடுகிறது என்பது காரணம். குட்டை ரகங்கள் கொண்டாடப்பட்ட காலம் அது. ஆனால் ஒரு பண்ணைத் தொழிலாளி அதன் விதையைத் தம் ஊருக்கு எடுத்துச் சென்றார் என்று வேளாண் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உழவர்களிடையே கைமாறிப் பரவிய மசூரி, பிறகு இந்தியாவில் மிகப் பரவலாகப் பயிரிடப்பட்ட ரகங்களில் ஒன்றானது. ஆந்திராவின் பாபட்லாவில் உருவாகி 1986இல் வெளியான சம்பா மசூரி அதன் வழித்தோன்றல். தமிழ்நாட்டின் பொன்னியும் மசூரியின் வழி வந்ததே; அதிலிருந்து தேர்ந்த மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்டது. நம் மளிகைக் கடைகளில் 'இந்தியாவிலிருந்து இறக்குமதி' என்று அச்சிட்டு விற்கும் பொன்னி அரிசியின் வேர் இப்படி மலாயா வயல்வரை நீள்கிறது.

மசூரி நிராகரிக்கப்பட்டது பாத்தியின் அதிர்ஷ்டத்தால் அல்ல. அது உண்மையிலேயே சாயும் ரகம்தான். ஆனால் ஒரே அளவுகோலை வைத்துத் தொடக்கத்திலேயே கழித்தால் என்ன இழக்கக்கூடும் என்பதை அது காட்டுகிறது. மசூரியைக் காப்பாற்ற ஒருவர் இருந்தார். யாரும் எடுத்துச் செல்லாமல் குப்பைக்குப் போன கால்வழிகளின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

மனிதர்களுக்கு இது பொருந்துமா?

இவ்வளவு தூரம் படித்த மாணவர்களுக்கு இன்னொரு சோதனை நினைவுக்கு வந்திருக்கும். ஒரே ஒரு தேர்வு, ஒரே ஒரு காலை, ஒரே ஒரு எண். அதிலும் திறனும் அதிர்ஷ்டமும் கலந்தே இருக்கின்றன. முதல் தவணைத் தேர்வில் வகுப்பில் முதலாவதாக வந்தவர் அடுத்த தவணையில் சற்றே இறங்கினால் உடனே 'தலைக்கனம் வந்துவிட்டது' என்கிறோம். கடைசியில் இருந்தவர் சற்றே ஏறினால் 'திட்டியது வேலை செய்தது' என்கிறோம். இரண்டும் பெரும்பாலும் சராசரியை நோக்கிய பின்னடைவாகவே இருக்கலாம். ஒரு தேர்வைவிடப் பல தேர்வுகளும் தொடர் மதிப்பீடும் நியாயமானவை என்ற வாதத்துக்கு நெல் வயல் நல்ல சான்று.

ஆனால் ஓர் எல்லை உண்டு. நெல்லில் உடன்பிறந்தவற்றின் எண்ணைக் கொண்டு ஒரு கால்வழியின் மதிப்பீட்டைத் திருத்துவது அறிவான செயல். மாணவரிடம் அதைச் செய்யலாமா? 2020இல் கோவிட் காரணமாகத் தேர்வுகள் ரத்தானபோது, இங்கிலாந்தில் ஏ லெவல் தரங்களை முடிவு செய்ய ஒரு கணக்கு முறை பயன்பட்டது. பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் தேர்ச்சியும் அதில் சேர்க்கப்பட்டது. ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரங்களில் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைக்கப்பட்டன. பின்தங்கிய பள்ளியில் படித்த கெட்டிக்காரர், தாம் சேராத பழைய மாணவர்களின் எண்ணால் இழுக்கப்பட்டார். எதிர்ப்பு வெடித்தது, ஆகஸ்டு 13ஆம் தேதி வெளியான முடிவுகள் நான்கே நாளில் கைவிடப்பட்டன. மொத்தத்தில் தவறு குறைய வேண்டும் என்பது நெல் ஆய்வாளரின் இலக்கு. எந்த நெல் கால்வழியும் தனக்கு அநீதி நேர்ந்தது என்று வழக்குத் தொடுக்காது. மனிதருக்கோ, தம் சொந்த உழைப்பால் மதிப்பிடப்படும் உரிமை இருக்கிறது. ஒரே சூத்திரம், வேறு பொறுப்பு.

அடுத்த செய்தியைப் படிக்கும்போது

மார்டி 2001இல் வெளியிட்ட எம்ஆர் 219 பத்தாண்டுக்கும் மேலாக நம் வயல்களில் கோலோச்சியது. ஒரு ரகத்தின் தேர்வு எவ்வளவு காலத்துக்கு, எவ்வளவு நிலத்துக்கு முடிவாகிறது என்பதை இதிலிருந்து உணரலாம். கலப்புச் செய்த நாளிலிருந்து விவசாயியின் கைக்கு வர ஒரு ரகம் பொதுவாகப் பத்தாண்டு அளவில் எடுத்துக்கொள்கிறது. இன்று முதலாண்டுச் சோதனையில் நிற்கும் கால்வழிகளில் எது கழிக்கப்படுகிறதோ, அதன் விளைவை 2030களில் அரிசி வாங்கப்போகும் நாம்தான் அனுபவிப்போம்.

எனவே புதிய ரகம் பற்றிய செய்தி வரும்போது சில கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். அந்த எண் எத்தனை பாத்திகளின் சராசரி? எத்தனை ஊர், எத்தனை பருவம்? அதே வயலில், அதே பருவத்தில் நட்ட பழைய ரகம் எவ்வளவு தந்தது? எத்தனை கால்வழிகளிலிருந்து இது தேர்ந்தெடுக்கப்பட்டது? ஆய்வு நிலையத்தின் வயலா, விவசாயியின் வயலா? உச்ச அளவா, சராசரியா? 'ஹெக்டருக்கு 10 டன் வரை' என்ற சொற்றொடரில் 'வரை' என்ற சொல் தூக்கும் சுமை பெரிது. சந்தேகப்பட்டு ஒதுக்குவதற்காக அல்ல இந்தக் கேள்விகள்; நல்ல ரகத்தை உரிய அளவில் நம்புவதற்காக. பெரிய எண்ணைக் கேட்டு விதை மாற்றிய விவசாயி, அடுத்த பருவம் ஏமாந்தால், அதற்கடுத்து உண்மையிலேயே நல்ல ரகம் வந்தாலும் வாங்கத் தயங்குவார்.

நம்பிக்கை வராதவர்கள் கணினியில் ஒரு விரிதாளைத் திறந்து தாங்களே செய்து பார்க்கலாம். முதல் நிரலில் சராசரி 5, திட்ட விலக்கம் 0.4 கொண்ட 300 தற்செயல் எண்களை இடுங்கள். அதுதான் திறன். இரண்டாம் நிரலில் சராசரி 0, திட்ட விலக்கம் 0.8 கொண்ட 300 எண்கள். அது பாத்தியின் அதிர்ஷ்டம். மூன்றாம் நிரலில் இரண்டையும் கூட்டி, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். பிறகு முதலிடம் பெற்றதன் உண்மையான திறன் என்னவென்று முதல் நிரலில் பாருங்கள். உண்மையான முதல்வன் எத்தனையாவது இடத்தில் ஒளிந்திருக்கிறான் என்பதையும் தேடுங்கள். பத்து முறை செய்தால் போதும். பெரும்பாலும் பத்திலும் 7 டன்னுக்கு மேல் காட்டும் வெற்றியாளர்கள் வருவார்கள். அவர்களில் எத்தனை பேர் 6 டன்னைத் தொடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.